காஃபிஸ்கிரிப்ட் ஒரு வரி எப்படி ஜாவாஸ்கிரிப்ட் ஆகிறது: நாமே பார்க்கலாம்

ஒரு ஸ்கிரிப்ட் மொழியை இன்னொரு ஸ்கிரிப்ட் மொழியாக மாற்றும் கம்பைலர் உள்ளே என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ள, ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டப்படும் மொழியான காஃபிஸ்கிரிப்ட் மாதிரி நல்ல இடம் வேறில்லை என்பது என் எண்ணம். ஜெரமி ஆஷ்கெனாஸ் 2009 டிசம்பரில் இதை வெளியிட்டபோது கம்பைலர் ரூபி என்ற இன்னொரு மொழியில் இருந்தது. 2010 பிப்ரவரியில் வந்த 0.5 பதிப்பிலிருந்து அது காஃபிஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இதைவிட முக்கியம், மொழிமாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் அது நமக்கு அச்சிட்டுக் காட்டும்.

1. நிறுவுதல்

கணினியில் நோட் ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) இருக்க வேண்டும். கட்டளைகளையும் மொழியின் சொற்களையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

என்பிஎம் இன்ஸ்டால் --குளோபல் காஃபிஸ்கிரிப்ட்

2. ஒரே ஒரு வரி

முதல்.காஃபி என்று ஒரு கோப்பைத் திறந்து, இந்த வரியை எழுதி யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்:

வர்க்கம் = (எண்) -> எண் * எண்

இதை மட்டும் அப்படியே தமிழில் எழுதலாம். ஜாவாஸ்கிரிப்டும் காஃபிஸ்கிரிப்டும் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரை ஏற்கும்.

3. டோக்கன்கள்

காஃபி --டோக்கன்ஸ் முதல்.காஃபி

வரி துண்டு துண்டாக வந்து நிற்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வகைப் பெயர் இருக்கும்: வர்க்கம், எண் இரண்டும் ஐடென்டிஃபையர் (பெயர்), பெருக்கல் குறி மேத் (கணக்கு). இங்கே அவசரப்படாமல் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அடைப்புக்குறி. அது சாதாரண அடைப்புக்குறியாக இல்லாமல் பேரம்_ஸ்டார்ட் (உள்ளீட்டின் தொடக்கம்) என்று வந்திருக்கும். இடமிருந்து வலமாகப் படிக்கும்போது அந்த இடத்தில் அது கணக்குக்கான அடைப்பா, ஃபங்ஷனின் உள்ளீடா என்று யாராலும் சொல்ல முடியாது. அம்புக்குறியைப் பார்த்த பிறகுதான் கம்பைலர் பின்னோக்கிப் போய், ஏற்கெனவே எழுதிவைத்த துண்டின் வகையை மாற்றுகிறது.

இரண்டாவது, அம்புக்குறிக்குப் பின்னால் இன்டென்ட் 2, கடைசியில் அவுட்டென்ட் 2 என்று இரண்டு துண்டுகள். நாம் உள்தள்ளி எதுவுமே எழுதவில்லையே! ரீரைட்டர் என்ற பகுதி இவற்றைச் செருகியிருக்கிறது. ஃபங்ஷனை ஒரே வரியில் எழுதினாலும் கீழே உள்தள்ளி எழுதினாலும் அடுத்த கட்டத்துக்கு ஒரே மாதிரி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எழுதுபவருக்குச் சலுகை கொடுத்துவிட்டு, அதன் சிரமத்தை ரீரைட்டர் ஏற்றுக்கொள்கிறது. இந்தக் கம்பைலரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

4. மரம்

காஃபி --நோட்ஸ் முதல்.காஃபி

இப்போது துண்டுகள் மரமாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே ரூட், அதற்குள் பிளாக், அதற்குள் அசைன் (மதிப்பு வைப்பது), அதன் ஒரு கிளையில் வர்க்கம் என்ற பெயர், இன்னொரு கிளையில் கோட் என்ற ஃபங்ஷன், அதற்குள் பெருக்கல். எது எதற்குள் அடங்கும் என்பது மட்டும்தான் இந்தக் கட்டத்தின் வேலை.

5. ஜாவாஸ்கிரிப்ட்

காஃபி --பேர் --பிரிண்ட் முதல்.காஃபி

கிடைப்பது இது:

வார் வர்க்கம்;

வர்க்கம் = ஃபங்ஷன்(எண்) {
  ரிட்டர்ன் எண் * எண்;
};

ரிட்டர்ன் நாம் எழுதாதது. ஃபங்ஷனின் கடைசி வரி எதுவோ அதுவே அதன் விடை என்பது காஃபிஸ்கிரிப்டின் விதி. அதனால் மரத்தின் அந்தக் கிளையைக் கம்பைலரே ரிட்டர்னாக மாற்றிவிடுகிறது. வார் என்ற அறிவிப்பும் அதன் கைவேலைதான்.

6. பெயர்களின் கணக்கு

சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதாதா என்று தோன்றலாம். போதாது. கோப்பை அழித்துவிட்டு இதை எழுதுங்கள்:

பதில் = பெயர் ? "யாரோ"

பெயருக்கு மதிப்பு இருந்தால் அதை எடு, இல்லையென்றால் "யாரோ" என்று வை. இதை ஜாவாஸ்கிரிப்டாக்கினால், பெயர் என்ற மாறி இருக்கிறதா என்று டைப்ஆஃப் (வகையைச் சொல்லும் சொல்) வைத்து ஒரு சோதனை, அது நல் (மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி) ஆக இல்லையா என்று இன்னொரு சோதனை என நீளமாக வரும். இப்போது முதல் வரியாக, பெயர் = "கயல்" என்று சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். டைப்ஆஃப் சோதனை காணாமல் போய், நல் சோதனை மட்டும் மிஞ்சும். எந்தப் பெயர் எங்கே அறிவிக்கப்பட்டது என்று கம்பைலர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பு அந்தப் பட்டியலைப் பார்த்து மாறுகிறது.

இதே பட்டியல்தான் புதியவர்களைச் சிக்கவும் வைக்கும்:

தொகை = 0
கணக்கிடு = (விலை) ->
  தொகை = விலை * 2
  தொகை

உள்ளே இருக்கும் தொகை தனி மாறி என்று நினைத்துவிடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டைப் பாருங்கள், வார் மேலே ஒரே ஒரு முறைதான் இருக்கும். கணக்கிடு ஓடியதும் வெளியே இருக்கும் தொகையும் மாறிவிடும். உள்ளே தனி மாறி வேண்டுமென்றால் வேறு பெயர் வையுங்கள்.

புது வேலைக்குக் காஃபிஸ்கிரிப்டை எடுக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். அம்பு ஃபங்ஷன், கிளாஸ் எல்லாம் 2015 பதிப்பிலேயே ஜாவாஸ்கிரிப்டுக்குள் வந்துவிட்டன. வகைச் சோதனை வேண்டும் என்றால் டைப்ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஆனால் சொந்தமாக ஒரு சின்ன மொழி செய்ய ஆசை இருந்தால், காஃபிஸ்கிரிப்டின் மூலநிரலில் லெக்சர் (துண்டாக்குவது), ரீரைட்டர், கிராமர் (இலக்கண விதிகள்), நோட்ஸ் (மரம்) என்று தனித்தனிக் கோப்புகள் இருக்கின்றன. ரீரைட்டரில் ஆரம்பியுங்கள். மேலே பார்த்த இன்டென்ட் 2 எந்த இடத்தில் செருகப்படுகிறது என்று முதலில் தேடிக் கண்டுபிடியுங்கள்.