மழைக்காலத்தில் கார் அடம்பிடிக்கிறதா? முதலில் டிஸ்ரிபியூட்டரைத் திறந்து பாருங்கள்

கார்த்திகை மாதம் விடிய எழும்பிச் சாவியைத் திருகினால் எஞ்சின் சும்மா சுற்றும், பற்றாது. பத்து மணி வெயில் பட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் பற்றிக்கொள்ளும். குருநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்று யாழ்ப்பாணக் கடற்கரைப் பக்கத்தவர்களுக்கு இது பழகிய கதை. கடற்காற்றின் உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியைத் தருகிற பிளக்கிற்குப் போகவேண்டிய மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே கசிந்துவிடும். புதுச் சாமான் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு பின்னேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை வைத்துத்தான் சொல்கிறேன். அவற்றில் ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது டிஸ்ரிபியூட்டர். அது இல்லாத புதிய கார் என்றால் பிளக், பற்றரி பற்றிய பகுதிகள் போதும்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். பிறகு பற்றரியில் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். அது எப்போதும் நெகடிவ் என்று நினைக்கவேண்டாம். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் பொசிடிவ்தான் எர்த். காரின் உடம்போடு பூட்டியிருக்கும் வயர் எது என்று பாருங்கள்.

அடுத்தது பிளக் வயர்களுக்கு ரேப் ஒட்டி இலக்கம் போடுவது. நான் ஒருமுறை இதைச் செய்யாமல் நாலையும் உருவிவிட்டு, மாற்றிப் பூட்டி, சைலன்சர் வெடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் ஒழுங்கைக்கே ஓடிவிட்டது. இந்த இரண்டு காரிலும் சிலிண்டர்களில் நெருப்புப் பற்றும் வரிசை 1-3-4-2.

சரி, இப்போது டிஸ்ரிபியூட்டர் மூடி. கிளிப் இரண்டையும் தள்ளிக் கழற்றி, வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளேயுள்ள முனைகள் அலுமினியம் என்றால் வெள்ளைப் பொடியும், பித்தளை என்றால் பச்சைக் களிம்பும் இருக்கும். மெல்லிய எமரி பேப்பரைச் சுருட்டி லேசாகத் தேயுங்கள். அழுத்தி அராவினால், மூடிக்குக் கீழே சுற்றும் றோட்டருக்கும் முனைக்கும் இடைவெளி கூடிவிடும். நடுவிலுள்ள கரித்துண்டை விரலால் அமத்தினால் திரும்பி எழும்பவேண்டும். மூடியின் உட்பக்கத்தில் தலைமயிர்போலக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். சில பழைய மூடிகளில் வயரை உள்ளே சின்னத் திருகாணி பிடித்திருக்கும், இழுத்துப் பிய்க்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே விழும். கரியைப் பித்தளைப் பிரஷால் தேய்த்து, இடைவெளியை 0.025 அங்குலத்துக்கு வையுங்கள்; வேறு கார் என்றால் அதன் கைநூல் சொல்லும் அளவு. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்கு இந்தக் கரி சுரண்டும் வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. திரும்பப் பூட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள்.

பற்றரி முனையில் பூத்திருக்கும் பொடிக்கு, மற்ற வயரையும் கழற்றிவிட்டு, தண்ணீரில் கரைத்த அப்பச்சோடா போதும். பற்றரிக்குள் ஒரு துளியும் போகக்கூடாது. கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே வாசிலின் பூசுங்கள்.

பிளக் வயரின் றப்பர் உறைக்குள் மெல்லியதாகச் சிலிக்கோன் கிறீஸ் தடவினால் ஈரம் ஏறாது. மூடிக்குள் உள்ள முனைகளில் தடவவேண்டாம், அது மின்சாரத்தைக் கடத்தாது. டபிள்யூடி-40 ஸ்பிறே அவசரத்துக்கு ஈரத்தை விரட்டும். ஆனால் அடித்த உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள், அந்த ஆவி தீப்பிடிக்கும்.

எல்லாம் பூட்டியபின் இருட்டும்வரை பொறுத்து, திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, கை வைக்காமல் பொனெற்றுக்குள் பாருங்கள். வயரின்மேல் நீலப் பொறி ஊர்ந்தால் அந்த வயரின் ஆயுள் முடிந்துவிட்டது.