மதியமானால் கொதிக்கும் டீசல்

மதியம் தாண்டினால் போதும், குவாரியில் ஓடும் எங்கள் எக்ஸ்கவேட்டரில் எரிபொருள் சூடு அலாரம் அடிக்கும். எஞ்சின் இழுவையும் குறைந்துவிடும். காலையில் ஒரு தொந்தரவும் இருக்காது. சென்சாரை மாற்றச் சொன்னார்கள். அதற்கு முன் லேசர் தெர்மாமீட்டரை, டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் பிடித்துப் பார்த்தேன். மானிட்டர் காட்டியதும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். சரி, சென்சாரில் கோளாறு இல்லை.

எங்களுடையது காமன் ரயில் எஞ்சின், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் உயர் அழுத்த டீசல் போகும் வகை. இதில் பம்ப் அழுத்தும் டீசல் முழுவதும் எரிவதில்லை. மிச்சம் சூடாகி டேங்குக்கே திரும்பும். வழியில் டீசல் கூலர் அதை ஆற்ற வேண்டும். டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் அதே சூட்டு டீசல்தான் சுற்றிச் சுற்றி வரும். எங்களிடம் மாலையில்தான் நிரப்புவார்கள்.

கூலருக்குள் போகும் குழாய், வெளிவரும் குழாய் இரண்டையும் அளந்தேன். வித்தியாசமே இல்லை! ரேடியேட்டரைத் தவறாமல் ஊதுகிறார்கள். ஏசி கண்டென்சருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இந்த டீசல் கூலரை யார் பார்க்கிறார்கள்? கேஸ் குழாயைத் தொடாமல் கண்டென்சரை அவிழ்த்து ஒதுக்கி, உள்பக்கமிருந்து வெளியே காற்றடித்தேன். அழுத்தத்தைக் குறைத்துத்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் தகடுகள் மடங்கிவிடும். கல்தூள் அடை அடையாக வந்தது.

அலாரம் நின்றது. அப்புறம் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு டீசல் திரும்புகிறது என்றும் அளந்தேன்; ஒன்று அதிகம் கசிந்தாலும் டீசல் சூடாகும். எல்லாம் சமமாகவே இருந்தன. டீசலை இப்போது சாப்பாட்டு நேரத்திலேயே நிரப்பச் சொல்லிவிட்டேன்.