‘பேங்க்’ என்றதும் பணத்தைத் தேடாதீர்கள்

மொழிபெயர்ப்புப் படி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். கதையில் மலைமுகடு எதிரே நெருங்குகிறது. விமானியின் கைகள் நடுங்குகின்றன. அடுத்த வரி: ‘அவன் விமானத்தை இடப்பக்க வங்கிக்குக் கொண்டுபோனான்.’ சிரித்து முடித்துவிட்டு மூலத்தைப் புரட்டினேன். அங்கே ‘பேங்க்’ வினைச்சொல்லாக நின்றது. விமானத்தை ஒருபக்கம் சாய்த்துத் திருப்புவது என்று பொருள். மொழிபெயர்த்தவர் சோம்பேறி அல்லர். அரிய சொற்களுக்கெல்லாம் அகராதி பார்த்திருந்தார். இது தெரிந்த சொல்தானே என்று விட்டுவிட்டார். பெரும்பாலும் தெரிந்த சொல்தான் காலை வாருகிறது.

ஆங்கிலத்தில் ‘பேங்க்’ முதலில் பணத்தோடு வரவில்லை. 1200 வாக்கில் ஸ்காண்டிநேவிய மொழித் தொடர்பால் அது மண்மேடு, சரிவு என்ற பொருளில் நுழைந்தது. ஆற்றங்கரை அதில் ஒன்று. கடலுக்கடியில் மேடிட்டு நிற்கும் திட்டும் ‘பேங்க்’தான்: வடகடலின் டாகர் பேங்க், நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகிலுள்ள கிராண்ட் பேங்க்ஸ். இவற்றை ‘டாகர் வங்கி’ என்று எழுதினால் வாசகர் அங்கே கணக்குத் தொடங்கக் கிளம்பிவிடுவார். திரண்டு நிற்கும் மூடுபனிக்கும் குவிந்த பனிமேட்டுக்கும் இதே சொல். சாலை வளைவில் வெளிவிளிம்பை உயர்த்திச் சரிவாக அமைப்பதும் இதுவே. விமானம் சாய்வதும் இந்தச் சரிவின் தொடர்ச்சி: இறக்கைகள் சாயும்போது அவற்றின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பி விமானத்தை வளைவுக்குள் இழுக்கிறது.

கரை என்று சரியாகப் பிடித்துவிட்டாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆற்றின் இடக்கரை எது, வலக்கரை எது? வரைபடத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது. நீர் ஓடும் திசையை நோக்கி நின்று சொல்ல வேண்டும். பாரிஸில் செய்ன் ஆற்றின் இடக்கரை தெற்கே இருப்பது அதனால்தான். ஜோர்தான் ஆறு தெற்கு நோக்கி ஓடுகிறது. ஆகவே செய்திகளில் அடிபடும் மேற்குக் கரை அந்த ஆற்றின் வலக்கரை.

பணம் வைக்கும் ‘பேங்க்’ வேறு வழியாக வந்தது. இத்தாலிய நாணய மாற்றுக்காரர்கள் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் செய்த பலகைக்கு ‘பாங்கா’ என்று பெயர். அந்தச் சொல் பிரெஞ்சைத் தொட்டுக்கொண்டு 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. விருந்தைக் குறிக்கும் ‘பேங்க்வெட்’ சிறு பலகை என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து கிளைத்தது. படகில் துடுப்பு வலிப்பவர்கள் அமரும் விசுப்பலகையும் பிரெஞ்சு வழியே ‘பேங்க்’ ஆனது. சுவிட்சுகளின் வரிசையையும் லிஃப்டுகளின் வரிசையையும் அப்படிச் சொல்வது அந்தத் துடுப்பு வரிசையின் நீட்சி.

இங்கேதான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். மொழியியல் வகுப்புகளில் கரையும் வங்கியும் ‘ஒரே ஒலி, தொடர்பில்லாத இரு சொற்கள்’ என்பதற்கு வாடிக்கையான எடுத்துக்காட்டு. பொருளில் தொடர்பில்லை என்பது சரி. ஆனால் வேரைத் தோண்டினால் இரண்டும் பழைய ஜெர்மானியச் சொல் ஒன்றில் போய் முடிகின்றன. இத்தாலிய ‘பாங்கா’வே ஜெர்மானிய மொழியிலிருந்து கடன் வாங்கியது, ‘பெஞ்ச்’ என்னும் ஆங்கிலச் சொல் அதே குடும்பத்தில் ஊரைவிட்டுப் போகாத பிள்ளை. தமிழில் இதற்கு நேர்மாறான நிலை உண்டு. எண்ணைக் குறிக்கும் ஆறும் நீரோடும் ஆறும் இன்று எழுத்தளவிலும் ஒன்று. ஆனால் பழந்தமிழில் நதியை யாறு என்றும் எழுதினார்கள். இரண்டும் வெவ்வேறு வேர். பணத்துக்கான வங்கி, ஆங்கில ஒலியைத் தழுவி நாம் ஆக்கிக்கொண்டது. தோளில் அணியும் வங்கி என்ற நகையோடு அதற்கு உறவு கற்பிக்க வேண்டாம்.

வேர்ச்சொல் தேடுகிறவர்களுக்குக் கதை ஆசை அதிகம். திவாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘உடைந்த பலகை’ என்னும் இத்தாலியத் தொடரிலிருந்து வந்தது. அதுவரை உறுதி. கடன் கட்ட முடியாதவனின் பலகையை ஊரார் கூடி நிஜமாகவே உடைத்தார்கள் என்பது அதனுடன் ஒட்டிக்கொண்ட கதை. தொழில் ‘உடைந்தது’ என்ற உருவகமே போதும்; கோடரி தேவையில்லை.

ரத்த வங்கி என்பதை மட்டும் அஞ்சாமல் அப்படியே எழுதலாம். சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் 1937இல் பெர்னார்ட் ஃபேண்டஸ் அந்தப் பெயரை வைத்தபோது, போட்டு எடுக்கும் பணவங்கியைத்தான் மனத்தில் கொண்டிருந்தார்.

ஆக, இந்தச் சொல்லைக் கண்டால் வேரைத் தேடுமுன் பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பாருங்கள். ஆறு, மேகம், இறக்கை, கடன் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். அதே மொழிபெயர்ப்பில் இருபது பக்கம் தள்ளி இன்னொன்று காத்திருந்தது: ‘கிழவி நெருப்பைச் சேமித்துவிட்டுத் தூங்கப் போனாள்.’ இம்முறை சிரிக்கவில்லை; பாதி சரியாக இருந்தது. காலைவரை கங்கு அணையாதிருக்க அதன்மேல் சாம்பலை மேடாகக் குவிப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘பேங்க்’தான், பழைய மண்மேட்டின் பொருளில். ‘தணலைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுத்தாள்’ என்று மாற்றி எழுதினேன்.