தூசி, புகை பட்டாலே மூக்கு அடைக்கிறதா? உப்புநீரில் கழுவும் முறை

ஒட்டடை அடித்தால் தும்மல், சாம்பிராணி போட்டால் மூக்கடைப்பு. சைனஸ்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். எல்லாமே அலர்ஜி என்று நினைத்துவிட வேண்டாம். ஊதுபத்திப் புகை, சென்ட், ஏசிக் குளிர் எல்லாம் அலர்ஜி இல்லாத மூக்கையும் சீண்டும். அதனால்தான் சிலருக்கு அலர்ஜி டெஸ்டில் ஒன்றும் வராது, தும்மல் மட்டும் நிற்காது. குளிரைக் கழுவ முடியாது. ஆனால் மூக்கில் ஒட்டிய தூசியையும் கெட்டிச் சளியையும் கழுவிவிடலாம்.

முதலில் தண்ணீர். இங்கே மட்டும் அலட்சியம் கூடாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி மூக்கு கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். அந்த அமீபா குடிக்கும் தண்ணீரில் வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியே மூளைக்கு ஏறினால் பிழைப்பது அரிது. ஆகவே கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ, எதுவானாலும் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் மூன்று நிமிடம். பிறகு மூடிவைத்து வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் இதற்கு ஆகாது.

அடுத்து உப்பு. கால் லிட்டர் தண்ணீருக்குக் குவியாமல் அரை டீஸ்பூன், கூடவே ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா. அயோடின் கலக்காத உப்பு நல்லது. சிலருக்கு அயோடின் உப்பு எரியும். அளந்து போட அலுப்பாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் இதற்கென்றே பாக்கெட் விற்கிறார்கள். உப்பே போடாத வெறும் தண்ணீர்தான் சுரீரென்று ஏறும்.

இனி கழுவலாம். வாஷ்பேசின் மேல் குனிந்து தலையை ஒரு பக்கம் சாயுங்கள். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். மேலே இருக்கும் துவாரத்தில் நேத்திக் குவளையால் (மூக்கு கழுவவென்றே உள்ள, கெண்டி போல நீண்ட மூக்கு வைத்த சின்னக் குவளை) மெதுவாக ஊற்றினால் கீழ்த் துவாரம் வழியே வரும். தொண்டைக்குள் இறங்கினால் துப்பிவிடுங்கள். பாதி தீர்ந்ததும் மறுபக்கம். முடிந்ததும் குனிந்தபடியே மெல்லச் சிந்துங்கள். ஒரு துவாரத்தை அடைத்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் காது அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் குவளையைக் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

வீடு கூட்டிய பிறகோ, போகிப் புகையில் நின்று வந்த பிறகோ கழுவினால் பலன் நன்றாகத் தெரியும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், மிச்சத் தண்ணீர் தொண்டைக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்திருந்தால் கழுவிச் சற்று நேரம் கழித்து அடியுங்கள். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு சமாச்சாரம். அதை நாள்கணக்கில் தொடர்ந்தால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

மூக்கு முழுதாக அடைத்திருந்தாலோ காது வலித்தாலோ அன்றைக்குக் கழுவாதீர்கள். ஒரே பக்கம் தொடர்ந்து அடைப்பு, சளியில் ரத்தம், கண்ணைச் சுற்றி வீக்கம் இருந்தால் நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.