அம்மாவின் மறதிக்குப் போனைப் பழக்கிய கதை

அம்மாவுக்கு 76 வயது. கும்பகோணத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பிரஷர் மாத்திரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வரும். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றையும் போட்டுவிடுவார். அதைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் நான் போனைக் கையில் எடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் இதே கதை என்றால், முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வைட்டமின் பி12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும் மறதி வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காது, கண் இரண்டையும் பார்த்துவிடுங்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் டிமென்ஷியாவுக்கு (மறதி நோய்க்கு) பட்டியலிட்ட, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் காது மந்தமும் பார்வைக் குறைவும் உண்டு. அம்மா "மறந்துட்டேன்" என்று சொன்னவற்றில் பாதி, அவர் காதிலேயே விழாதவை.

அப்புறம் செட்டிங்ஸ். எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழாக்கினேன். முகப்பில் நாலு ஐகான் மட்டும் விட்டுவைத்தேன். வீட்டு ஆட்களின் எண்களுக்கு அவரவர் போட்டோவைச் சேர்த்தேன்.

மாத்திரை அலாரத்தில்தான் முதலில் சறுக்கினேன். அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை அலாரமாக வைத்தேன். பாட்டு முடியும்வரை கண்மூடி ரசித்துக் கேட்டுவிட்டு, மாத்திரை போடாமலே பூப்பறிக்கப் போய்விட்டார்! பிறகு என் குரலையே பதிவு செய்து வைத்தேன்: "அம்மா, வெள்ளை டப்பா, காலைக் கட்டம்." மாத்திரைகளைக் கிழமைவாரியாகக் கட்டம் பிரித்த டப்பாவில் போட்டு, போனை அதன் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். விழுங்கிய பிறகுதான் அலாரத்தை அணைக்க வேண்டும். கட்டம் காலியா என்று பார்த்தால் போட்டாயிற்றா என்ற சந்தேகமும் தீரும்.

மூளைக்குப் பயிற்சி என்று விற்கும் செயலிகளுக்கு நான் காசு கொடுக்கவில்லை. அமெரிக்காவில் 2,802 முதியவர்களை வைத்து நடத்திய 'ஆக்டிவ்' ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. எதில் பயிற்சி எடுத்தார்களோ அதில் தேறினார்கள். அன்றாட வேலைகளில் அப்போது பெரிதாக மாற்றம் தெரியவில்லை. பின்னாளில் சில பலன்களும் தெரிந்தன என்றாலும், அம்மாவிடம் ஏற்கெனவே ஒரு வித்தை இருக்கும்போது கட்டம் மாற்றும் விளையாட்டு எதற்கு?

ஒரு எச்சரிக்கை. ஓடிபி கேட்டாலோ, "போலீஸ் பேசுகிறோம், வீடியோ காலில் வாருங்கள்" என்றாலோ உடனே வைத்துவிட்டு எனக்குப் போன் போட வேண்டும். பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணையும் பெரிதாக எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

அம்மாவின் வித்தைக்கு வருகிறேன். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, பேசினால் எழுத்தாகும்படி செய்து கொடுத்தேன். வாட்ஸப்பின் மைக்கை அழுத்தினால் குரல் பதிவாகும், கீபோர்டின் மைக்கை அழுத்தினால்தான் எழுத்து வரும். இந்தக் குழப்பம் தீரவே ஒரு வாரம் ஆயிற்று, பொறுமையாக இருங்கள். தினமும் சாயங்காலம் குடும்பக் குழுவில் ஒரு கேள்வி போடுவோம். "1980 மகாமகத்துக்கு நம் வீட்டில் யார் யார் தங்கினார்கள்?" என்பது மாதிரி. நினைவுபடுத்தி, வரிசைப்படுத்தி, சொல்லி, வந்ததைப் படித்துத் திருத்தி அனுப்புவார். திருத்துவதில்தான் அவருக்குக் கொண்டாட்டம். போன வாரம் "மகாமகக் குலம்" என்று விழுந்துவிட்டது. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, எட்டாம் வகுப்பை அதட்டும் அதே குரலில் போனைப் பார்த்து, "குலம் இல்லடா, குளம்! நாக்கை மடக்கு!" என்றார்.