டத்தோவே சேர்ந்திருக்கிறார் என்றால் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஒரு முதலீட்டுத் திட்டம் வீடு வீடாகப் பரவும்போது, ஒப்பந்தத்தைப் படித்துச் சேர்ந்தவர்களைக் காண்பது அரிது. ஆலயத் தலைவர் சொன்னார், டத்தோவே (அரச விருதுப் பட்டம் பெற்ற பிரமுகரே) சேர்ந்திருக்கிறார் என்பதே பலருக்குக் காரணமாகிறது. திருவிழாவைத் திறம்பட நடத்துபவருக்கு முதலீட்டுச் சட்டமும் தெரிந்திருக்கும் என்று நாமாகவே எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதில்லை. வேறொருவரை நம்பித் தம் சேமிப்பையும் போட்டவராக இருக்கலாம்.

இந்தப் பழக்கத்தை வெறும் அறியாமை என்று பழிப்பது நியாயமல்ல. மலாயாத் தோட்டங்களின் கங்காணி முறையில், இந்தியாவிலுள்ள தம் ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவரே முன்பணம் கொடுத்தவர், வேலையை மேற்பார்த்தவர், தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசியவர். 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் அந்த ஆள்சேர்ப்பு நின்றாலும், பெரட்டில் (காலையில் ஆள்கணக்கு எடுக்கும் கூட்டத்தில்) பெயர் வாசிப்பதும் சம்பளக் கணக்கு எழுதுவதும் மண்டோர் (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்) கைகளிலேயே இருந்தன. வேலை போனால் குடியிருக்கும் லயமும் போய்விடும் என்ற நிலையில், எதிர்த்துக் கேட்காதிருப்பது பிழைக்கும் வழியாக இருந்தது.

படித்தவர்கள் இதற்கு விலக்கு என்று நினைப்பதும் தவறே. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையில், ஆய்வாளர் ஆணையிட்டதற்காக, 40 பேரில் 26 பேர் அடுத்த அறையில் இருந்தவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி விசையை அழுத்தினார்கள் (அதிர்ச்சி உண்மையானதல்ல). ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் ஆணையிட்டபோது கீழ்ப்படிந்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். உடனிருந்த இருவர் மறுத்தபோது பத்தில் ஒருவரே இறுதிவரை சென்றார்.

போலீஸ் என்றும் வருமான வரி அதிகாரி என்றும் சொல்லி அழைக்கும் மோசடிக்காரர்கள், அழைப்பைத் துண்டிக்காதீர்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மிரட்டுவது இதனால்தான்: குரல் விலகினாலோ, மறுத்துப் பேச இன்னொருவர் கிடைத்தாலோ அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஆகவே தயங்காமல் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால், உடனே மலேசியாவின் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழைப்பதில் வெட்கம் தடையாக இருக்கக் கூடாது.

நிறுவனம் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில்) பதிவானது என்று காட்டப்படும் சான்றிதழும் டத்தோவின் பெயரைப் போலவே கேள்வி கேட்காமல் நம்பவைப்பது. அது நிறுவனம் பதிவு பெற்றிருப்பதை மட்டுமே காட்டும். பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும், அது இருக்கிறதா என்பதை டத்தோவிடம் அல்லாமல் பேங்க் நெகாராவிடமே கேட்க வேண்டும்.