உடம்பு சும்மா இருந்தால் கடலும் சும்மா இருக்குமா?

மே மாதம் பிறந்தால் எங்கள் திருகோணமலை நிலாவெளிப் பக்கம் புதுப் பொடியன்மார் படகு ஓட்டப் பழக வந்துவிடுவார்கள். லைஃப் ஜாக்கெட் போடு, எண்ணெய் பார் என்பதையெல்லாம் வீட்டில் அம்மாவே சொல்லி அனுப்புவார். வானம் பிடிகொடுக்காத நேரத்தில் போவதா, நிற்பதா என்று முடிவெடுக்கும்போது வரும் தவறுகள் வேறு. அவற்றில் நானும் விழுந்து எழும்பியவன்தான்.

படபடப்புக்குக் கண்டபடி காரணம் சொல்வது

நித்திரை இல்லாத இரவு, வெறும் வயிற்றில் இரண்டு பிளேன்டீ. நெஞ்சு அடிக்கத்தான் செய்யும். ஏன் அடிக்கிறது என்று மூளைக்கு எப்போதும் தெரிவதில்லை. கண்முன்னால் இருப்பதன் மேல் பழியைப் போட்டுவிடும். 1974இல் கனடாவின் கப்பிலானோ தொங்குபால ஆய்வு வெளிவந்தது. ஆடும் பாலத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்த ஆண்கள், உறுதியான பாலத்தில் சந்தித்தவர்களைவிட அதிகமாக அவளுக்குப் பிறகு போன் எடுத்தார்கள். உயரத்தால் வந்த படபடப்பைக் காதல் என்று எண்ணிவிட்டார்களாம்!

பக்கத்துப் படகு போகிறது என்று போவது

அவன் உங்களைப் பார்த்துத்தான் கிளம்பியிருப்பான்.

"மனசுக்கு ஒண்டும் தோணேல்லை அண்ணை, போகலாம்"

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

அமெரிக்காவின் அயோவாவில் பெக்காரா, டமாசியோ என்ற மூளை ஆய்வாளர்களின் குழுவினர் நான்கு சீட்டுக்கட்டு வைத்து ஓர் ஆட்டம் ஆடவைத்தார்கள். இரண்டு கட்டுகளில் வரவும் பெரிது, அடியும் பெரிது, கடைசியில் நட்டம். 1997இல் வந்த முடிவின்படி, பத்துச் சீட்டு அளவில் கெட்ட கட்டை எடுக்க நினைக்கும்போதே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. சந்தேகம் வாயில் வந்தது ஐம்பதாவது சீட்டு வாக்கில்தான். கண்ணுக்கு மேலே, நெற்றிக்குள் இருக்கும் மூளைப்பகுதி பழுதானவர்களுக்கு அந்த வியர்வை வரவில்லை. கெட்ட கட்டையையே எடுத்தார்கள். (ஆடியவர்களுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது என்று 2004இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்தச் சண்டை இருக்கட்டும்.) எல்லாரும் விடுகிற இடம் இது: கை வியர்க்குமுன் அந்தக் கட்டில் அடி வாங்கியிருக்க வேண்டும்.

ஒரு மார்கழி. நிலாவெளிக் கடலில் பதினைந்து வருஷம் ஓடியிருந்தேன். பாருக்கு, அதாவது கடலடிப் பாறைக்கு, மேலே தண்ணீர் நிறம் மாறினால் பிடரி மயிர் தானாக எழும்பும். அந்தத் தைரியத்தில் கொட்டியாரக்குடாவில், மூதூர்ப் பக்கம் வலை போடப் போனேன். அங்கே கடலில் விழும் மகாவலி ஆறு கலங்கி வந்துகொண்டிருந்தது. குடா தேத்தண்ணி நிறத்தில் தட்டையாய்க் கிடந்தது. "ஆத்து வாய்ப்பக்கம் வேண்டாம் தம்பி" என்றார் கரையில் நின்ற ஒரு பெரியவர். என் உடம்பில் ஒரு கூச்சம்கூட இல்லை. சிரித்துவிட்டுப் போனேன். வெள்ளம் உருட்டி வந்த மரம் ஒன்று தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கிடந்தது. எஞ்சின் காற்றாடி உடைந்தது. வலை கட்டைகளோடு சுருண்டு இழுபட்டுப் போனது. கடன் அடைக்க மூன்று சீசன்.

உடம்பு பொய் சொல்லவில்லை. அதற்கு நிலாவெளிப் பார் தெரியும், ஆற்றுவாய் தெரியாது. அதனால் பேசாமல் இருந்தது. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது பழகாத தண்ணீரில் இறங்குமுன் கேட்பது ஒன்றுதான்: இந்த இடத்தில் நான் எத்தனை தடவை பயந்திருக்கிறேன்? ஒரு தடவையும் இல்லையென்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் படகில் ஏற்றிக்கொள்வேன்.

கை நடுங்க எஞ்சினைத் தொடுவது

ஐந்தாறு தடவை மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். நெஞ்சடிப்பு இறங்கும். அப்புறம் கயிற்றை இழுக்கலாம்.